பழைய லாரியா, பி.எஸ். 6 லாரியா? இஞ்சின், யூரியா, எஃப்.சி. பற்றி வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வடஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகிவிட்டது. ஆனால் லாரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஜல்லி அடிக்கும் பழைய 1612-ஐ வைத்திருப்பவருக்கும், ஆம்பூரிலிருந்து துறைமுகத்துக்குத் தோல் ஏற்றும் புது 2818-ஐ ஓட்டுபவருக்கும் பயன்படும்படி இங்கே பதில்கள். பி.எஸ். 6 என்பது புது வண்டிகளுக்கான புகைக் கட்டுப்பாட்டு விதி; எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்.

1210, 1612, 2518 என்ற எண்களுக்கு என்ன பொருள்?

டாடா வண்டிகளில் முதல் இரண்டு இலக்கம் லோடோடு சேர்ந்த மொத்த எடை, டன்னில். கடைசி இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன். 1210 என்றால் 12 டன், 100 எச்.பி.; 1612 என்றால் 16 டன், 120 எச்.பி.; 2518 என்றால் 25 டன், 180 எச்.பி. எல்லாம் ஏறத்தாழக் கணக்குதான்.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு வண்டிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 டன்னானது, மூன்று அச்சு வண்டிக்கு 25 டன் 28.5 டன்னானது. ஷோரூமில் 1918, 2818 என்று எண் மாறியதற்குக் காரணம் அதுதான். லேலண்டு பழைய வண்டிகளுக்கு எண்ணைவிடப் பெயர்தான் அடையாளம்: காமெட், பீவர், ஹிப்போ, டஸ்கர், டாரஸ்.

பழைய டாடாவில் இருப்பது பென்ஸ் இஞ்சின்தானா?

வம்சம் அதுதான். டெல்கோவும் (டாடா மோட்டார்ஸின் அன்றைய பெயர்) டெய்ம்லர் பென்ஸும் 1954-இல் போட்ட ஒப்பந்தம் 1969 வரை ஓடியது. அதுவரை முன்கிரில்லில் நட்சத்திரம் இருந்தது. பிறகு டாடாவின் 'டி' எழுத்து வந்தது. இஞ்சின் பெயரிலேயே விவரம் இருக்கிறது. 692 என்றால் 6 சிலிண்டர், போர் (சிலிண்டர் விட்டம்) 92 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 120 மி.மீ., கொள்ளளவு 4.788 லிட்டர். 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர், ஸ்ட்ரோக் 128 மி.மீ., 5.675 லிட்டர். பென்ஸின் ஓ.எம். 352 இஞ்சினுக்கும் இதே போர், இதே ஸ்ட்ரோக்.

1993-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் வந்தபின் 5.9 லிட்டர் பி சீரீஸ் இஞ்சின் டாடா வண்டிகளுக்குள் புகுந்தது. அதன் போர் 102, ஸ்ட்ரோக் 120 மி.மீ.

லேலண்டு கதை எண்ணூரில் தொடங்குகிறது. 1948-இல் ஆஸ்டின் கார் பூட்ட வந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. அங்கே 370, 400 என்ற இஞ்சின் எண்கள் கொள்ளளவைக் குறிக்கும், அதுவும் கன அங்குலத்தில். 370 ஏறத்தாழ 6.1 லிட்டர், 400 ஏறத்தாழ 6.5 லிட்டர். பிறகு ஜப்பானின் ஹினோ இஞ்சின் வந்து இவற்றை ஓரங்கட்டியது.

இதெல்லாம் வெறும் வரலாறு இல்லை. பழைய வண்டிகளில் இஞ்சின் மாற்றிப் போட்டிருப்பது சகஜம். ஸ்பேர் கடையில் வண்டி மாடலைச் சொல்லாதீர்கள். பிளாக்கில் அடித்திருக்கும் இஞ்சின் நம்பரைத் துடைத்துப் படித்து அதைச் சொல்லுங்கள். 692-க்கு வாங்கிய ரிங் செட் 697-இல் ஏறாது.

பழைய இஞ்சின்தான் கெட்டி, புதுசெல்லாம் தகரம் என்கிறார்களே?

பாதி உண்மை. 4.8 லிட்டரில் 100 எச்.பி. எடுத்தார்கள், அதாவது லிட்டருக்கு 21 எச்.பி. இன்று டாடாவின் 5 லிட்டர், 4 சிலிண்டர் இஞ்சின் 180 எச்.பி. தருகிறது; லிட்டருக்கு 36. பழைய இஞ்சினில் இரும்பு தடிமன், வேலை குறைவு. அதனால் கொஞ்சம் தப்பாக நடத்தினாலும் பொறுத்துக்கொண்டது. பொறுமையை வலிமை என்று நினைத்துவிடுகிறோம். வலிமை என்று பார்த்தால் புதுசுதான் அதிகம் இழுக்கிறது.

பெரிய வித்தியாசம் டீசல் போகும் வழியில் இருக்கிறது. பழைய மைகோ நிறுவனத்தின் இன்லைன் டீசல் பம்பில் நாசில் திறக்கும் அழுத்தம் 200 பார் சுற்றித்தான். புது வண்டிகளின் காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) 1,600 பாரும் அதற்கு மேலும். அந்த அழுத்தத்தில் நாசில் ஊசிக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடித் தடிமனில் சிறு பங்குகூட இராது. பழைய பம்பு ஒரு சொட்டுத் தண்ணீரையும் கொஞ்சம் மண்ணெண்ணெய்க் கலப்பையும் விழுங்கி ஓடிவிடும், டீசலைத் தள்ளும் பிளஞ்சரின் தேய்மானத்தைப் பிறகு கேலிப்ரேஷனில் (பம்பின் அளவைச் சரிசெய்வதில்) பார்த்துக்கொள்ளலாம். காமன் ரெயிலில் அதே தண்ணீர் இன்ஜெக்டரைத் துருப்பிடிக்க வைத்து, ஆறு இன்ஜெக்டர் செலவை மொத்தமாகத் தலையில் கட்டும். வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீர் வடிக்கும் வேலையை வாரம் ஒருமுறை கிளீனர் கையில் கொடுங்கள். ரோட்டோரத்தில் கேனில் விற்கும் 'பயோடீசல்' பக்கம் போகவே வேண்டாம்.

மைலேஜில் எது லாபம்?

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு டன்னை நகர்த்த எத்தனை லிட்டர் என்று பாருங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 190 கி.மீ. பழைய இரண்டு அச்சு வண்டி 10 டன் ஏற்றி லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் 47.5 லிட்டர், டன்னுக்கு 4.75 லிட்டர். மூன்று அச்சுப் புது வண்டி 18 டன் ஏற்றி அதே 4 கி.மீ. கொடுத்தால் டன்னுக்கு 2.64 லிட்டர்தான். புகையைச் சுத்தம் செய்யப் புது வண்டியில் ஊற்றும் யூரியா திரவம் டீசலில் ஏறத்தாழ 5 சதவீதம் போகும். இந்த நடைக்கு இரண்டரை லிட்டர். அதைச் சேர்த்தாலும் நீண்ட நடையில் பழைய வண்டி போட்டி போட முடியாது.

ஆனால் கல்குவாரியிலிருந்து கிரஷருக்கு 6 கி.மீ., செங்கல் சூளையிலிருந்து ஊருக்குள் 15 கி.மீ. என்று ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே வண்டி நிற்கும் நேரம்தான் அதிகம். வண்டியின் மாதத் தவணை, இன்சூரன்ஸ், குறைந்த ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும் சூட் பில்டர் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) எல்லாம் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும்.

மைலேஜை அளக்க டேஷ்போர்டை நம்பாதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், டேங்க் வாய் வரை நிரப்பி, குறைந்தது 500 கி.மீ. ஓட்டி, மறுபடியும் அதே வாய் வரை நிரப்பிக் கணக்குப் பாருங்கள்.

697-இல் டேப்பட் செட்டிங் எப்படிச் செய்வது?

டேப்பட் செட்டிங் என்பது ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் முதல் வேலையாகச் செய்வது நல்லது. இன்லெட் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1-ஆம் சிலிண்டர். ஃபயரிங் வரிசை 1-5-3-6-2-4.

ஃப்ளைவீல் மார்க்கைத் தேடி அலைய வேண்டாம். ஜோடி பார்த்தால் போதும்: 1-க்கு 6, 5-க்கு 2, 3-க்கு 4. இஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். 6-ஆம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் ராக்கர் மேலே வந்து முடிக்க, இன்லெட் ராக்கர் கீழே இறங்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து ஆடும் அந்த நொடியில் நிறுத்துங்கள். அப்போது 1-இன் இரண்டு வால்வும் மூடியிருக்கும், அதைச் செட் செய்யுங்கள். பிறகு ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு சுற்றினால் 2 ஆடும். 5-ஐச் செட் செய்யுங்கள். அடுத்து 4 ஆடும்போது 3. 1 ஆடும்போது 6. 5 ஆடும்போது 2. 3 ஆடும்போது 4. கிராங்க் இரண்டு சுற்றில் வேலை முடிந்துவிடும்.

ஃபீலர் கேஜ் தகடு வெண்ணெயில் கத்தி போவதுபோல் வழுக்கவும் கூடாது, பிடித்து நிற்கவும் கூடாது. லேசாக இழுபட வேண்டும். லாக் நட் இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் இறுக்கும்போதுதான் திருகு கூடவே சுற்றி இடைவெளி மாறும். ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் தகடு குழிமேல் பாலம்போல் நின்று பொய்யளவு காட்டும். முனையைத் தேய்த்துச் சமமாக்காமல் செட்டிங் நிற்காது.

12 வால்வு 5.9 கம்மின்ஸுக்கும் வரிசை இதேதான். இடைவெளி மட்டும் வேறு: இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. இடைவெளி குறைவாக வைத்துச் சத்தமே வராமல் ஓட்டுவதைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு நீளும்போது மூட இடமில்லாமல் வால்வு எரிந்துபோகும். கொஞ்சம் டிக் டிக் சத்தம் இருப்பதே ஆரோக்கியம்.

புகையை வைத்து நோயைச் சொல்ல முடியுமா?

பழைய வண்டியில் முடியும். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: முதலில் ஏர் பில்டர், பிறகு டர்போ குழாய்க் கிளிப், பிறகு நாசில், கடைசியில்தான் பம்பு. இந்த வரிசையை மாற்றி முதலிலேயே பம்பைக் கழற்றிக் கேலிப்ரேஷனுக்கு அனுப்புவது வீண் செலவு. வெள்ளை, காலையில் மட்டும் வந்து சூடானதும் நின்றால் பெரிய கவலை இல்லை; கம்ப்ரெஷன் குறைவு, அல்லது பம்பு டைமிங் பின்தங்கியிருக்கிறது. சூடான பிறகும் வெள்ளை நின்று, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது: ஏற்றத்தில் வந்தால் ரிங், இறக்கத்தில் கால் எடுத்து மறுபடி மிதிக்கும்போது மட்டும் வந்தால் வால்வு கைடு.

பி.எஸ். 6 வண்டியில் புகையே வரக்கூடாது. கறுப்புப் புகை கண்ணுக்குத் தெரிகிறதென்றால் சூட் பில்டர் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ அதைக் குடைந்து எடுத்துவிட்டார்கள்.

டீசல் தீர்ந்து ஏர் லாக் ஆனால்?

பழைய வண்டி: டீசல் ஊற்றி, பில்டர் மேலுள்ள ஏர் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பிலுள்ள கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் தெளிவாக வந்ததும் கைப்பம்பு அடித்துக்கொண்டே திருகை மூடுங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகு. இவ்வளவும் செய்தும் பிடிக்காவிட்டால் இரண்டு மூன்று நாசில் பைப் நட்டைத் தளர்த்தி, ஸ்டார்ட்டர் போட்டு, டீசல் துளி தெறித்ததும் இறுக்குங்கள். அடிக்கடி ஏர் லாக் ஆகிறதென்றால் டேங்க் முதல் ஃபீட் பம்பு வரை உள்ள இழுக்கும் பக்கத்தைத் தேடுங்கள். அங்கே டீசல் ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே ஈரம் தெரியாது.

காமன் ரெயில் வண்டியில் இந்தப் பழக்கத்தை அடியோடு மறக்க வேண்டும். இஞ்சின் ஓடும்போதோ நின்ற உடனேயோ ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். பில்டர் மாற்றும்போது கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பிப் போடுவதும் கூடாது. நடுத்துளையில் ஊற்றும் டீசல் வடிகட்டாமல் நேராகப் பம்புக்குப் போகிறது.

வேலூர் வெயிலில் இஞ்சின் சூடேறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். மே மாதம் 40 டிகிரி தாண்டும் ஊரில் இது எல்லோரும் சொல்லும் கைவைத்தியம், பலன் தலைகீழ். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் காலையிலும் இரவிலும் இஞ்சின் சூடேறாமலே ஓடும், டீசல் முழுக்க எரியாது, ஆயிலில் கலக்கும், போர் தேயும். பி.எஸ். 6-இல் எக்ஸாஸ்ட் போதிய சூடு வராமல் சூட் பில்டரும் அடைக்கும்.

சூட்டுக்கு உண்மையான காரணங்கள் மூன்று. ஒன்று, வெளி அடைப்பு. ஆரணி அரிசி ஆலைகளிலிருந்து தவிடு, உமி ஏற்றும் வண்டிகளில் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உமித்தூள் மெத்தைபோல் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். இரண்டையும் பிரித்து, இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் படுத்துவிடும்.

இரண்டு, உள் அடைப்பு. பாலாற்றுக் கரை போர்வெல் உப்புத் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால் தண்ணீர் ஜாக்கெட்டில் சுண்ணாம்பு ஓடு கட்டும். கூலன்ட்டை உப்பு நீக்கிய தண்ணீரில், கேனில் போட்டிருக்கும் விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். மூன்று, ரேடியேட்டர் மூடி. ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காமல் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். சின்னப் பொருள், அதை விட்டுவிட்டு ஹெட் கழற்றியவர்கள் நிறைய.

பேரணாம்பட்டு தாண்டிப் பத்தலப்பல்லி மலையில் ஊசி சிவப்புக்குப் போனால் இஞ்சினை உடனே அணைக்காதீர்கள். ஓரங்கட்டி, நியூட்ரலில், தண்ணீர் ஒழுகாத வரை, சற்றுக் கூடுதல் ஐடிலில் சில நிமிடம் ஓடவிடுங்கள். மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீர் ஊற்றினால் முகமும் வேகும், ஹெட்டும் வெடிக்கும்.

இஞ்சின் இறக்கிக் கட்டும்போது எங்கே தப்பு நடக்கிறது?

லேத்தில்தான் பாதித் தப்பு. போரை ஒரு இடத்தில் அளந்தால் போதாது. மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக, ஆக ஆறு அளவு. தேய்மானம் அதிகம் இருப்பது மேல் ரிங் திரும்பும் இடத்தில். 5.9 கம்மின்ஸ் பிளாக்கில் தனி லைனர் கிடையாது. பிளாக்கையே போரிங் செய்து 0.50 அல்லது 1.00 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

கிராங்க்கை 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகக் கிரைண்ட் செய்வார்கள். ஜர்னல் ஓரத்திலுள்ள வளைவைக் கூர்மையான மூலையாக்கிவிட்டால் அங்கேதான் விரிசல் விட்டு, லோடில் கிராங்க் இரண்டாக முறியும். கிரைண்டிங் முடிந்து வந்ததும் விரலால் அந்த ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆயில் ஓடும் காலரி பிளக்குகளைக் கழற்றாமல் டீசலில் அலசிவிட்டு "கிளீன் பண்ணியாச்சு அண்ணே" என்பார்கள். கிரைண்டிங் தூள் அந்த ஓட்டைக்குள்தான் இருக்கும், முதல் ஸ்டார்ட்டில் புது பேரிங்கைக் கீறும். ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டரில் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளந்தபின்தான் பிஸ்டனில் ஏற்ற வேண்டும். 'டாப்' என்று பொறித்த பக்கம் மேலே. வாய்கள் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையாக, டார்க் ரென்ச்சில் இறுக்குங்கள்.

கட்டி முடித்த இஞ்சினை நாள் முழுக்க ஐடிலில் ஓடவிடும் பழக்கம் கெட்டது. லோடு இல்லாமல் ரிங் சுவரோடு உட்காராது. சிலிண்டர் கண்ணாடிபோல் வழவழப்பாகி, ஆயில் குடிக்கும் இஞ்சினாகவே வாழ்நாள் முழுக்க இருக்கும். அரை லோடு ஏற்றி, ஒரே வேகத்திலேயே போகாமல், கியரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 1,000 கி.மீ.யில் ஆயிலும் பில்டரும் மாற்றுங்கள்.

யூரியா என்று ஊற்றுகிறோமே, உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றினால் என்ன?

வண்டி நின்றுவிடும். வண்டியில் ஊற்றும் டெஃப் என்னும் திரவம் 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவும் மீதி உப்பு நீக்கிய தண்ணீரும். இந்தியாவில் உர யூரியாவில் வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். அந்த எண்ணெயும் உரத்திலுள்ள கசடும் டோசிங் நாசிலை அடைத்து, புகையைச் சுத்தம் செய்யும் எஸ்.சி.ஆர். கேட்டலிஸ்டையும் பாழாக்கும். மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய், போவது லட்சத்தில்.

தரமான டெஃப்பும் வெயிலில் கெடும். 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம், 30 டிகிரியில் 12 மாதம், 35 டிகிரியில் 6 மாதம்தான் கணக்கு. தகரக் கொட்டகையில் ஏப்ரல், மே முழுக்க வைத்த கேனை நம்ப வேண்டாம். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், 31.8 முதல் 33.2 வரை இருந்தால் சரி. டெஃப்பை இரும்பு, செம்பு, நாகம் பூசிய டின்னில் ஊற்றக்கூடாது. டீசல் புனலையே இதற்கும் வைப்பது இன்னொரு தப்பு.

டெஃப் டேங்கில் டீசலையோ, டீசல் டேங்கில் டெஃப்பையோ ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். சாவி போட்டதுமே பம்பு இழுக்கத் தொடங்கும். டேங்கை இறக்கிக் கழுவிவிட்டால் செலவு அதோடு முடியும். நாசிலைச் சுற்றி வெள்ளைப் பூ பூத்திருந்தால் அது காய்ந்த யூரியா. வெந்நீரில் கரையும், சுரண்ட வேண்டியதில்லை.

இ.சி.யூ.வை (இஞ்சினின் கம்ப்யூட்டர்) ஏமாற்றும் எமுலேட்டர் பெட்டி மாட்டி டெஃப் இல்லாமலே ஓட்டுவது சட்டப்படி தப்பு, எஃப்.சி.யிலும் சிக்கும்.

சூட் பில்டர் லைட் எரிகிறது. என்ன செய்ய?

டி.பி.எஃப். என்னும் பில்டர் கரித்தூளைப் பிடித்து வைத்து, 550 முதல் 600 டிகிரி சூட்டில் எரித்துச் சாம்பலாக்கும். தேசிய நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவிலிருந்து கிருஷ்ணகிரி வரை லோடோடு போனால் இது தானாக நடந்துவிடும், டிரைவருக்கே தெரியாது. ஊருக்குள் நின்று நின்று ஓடினால் பாதியில் அணைந்து அணைந்து கரி ஏறும். முதல் லைட்டிலேயே ஒரு நீண்ட ஓட்டம் கொடுங்கள். முடியாவிட்டால் வண்டியை நிறுத்தி கரியை எரிக்கத் தொடங்கும் ரீஜென் பட்டனை அழுத்துங்கள், அரை மணி நேரம் போல் ஆகும்.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். களத்து மேடு, வைக்கோல், கரும்புச் சோகை கிடக்கும் சர்க்கரை ஆலை வாசல் எதுவும் கூடாது. சைலன்சர் வாயருகே காய்ந்த புல் தீப்பிடிக்கும்.

லைட்டைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இஞ்சின் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வர வேண்டியதுதான். ஆயில் தேர்விலும் கவனம்: சாம்பல் குறைந்த சி.கே.-4 வகைதான் போட வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கிய மலிவு ஆயிலில் உள்ள உலோகச் சேர்க்கை சாம்பலாகி பில்டரில் தங்கும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

புது வண்டியில் பாடி வெல்டிங் அடிக்கலாமா?

அடிக்கலாம், பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றி, இ.சி.யூ. கனெக்டரையும் உருவிய பிறகு. எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். முன்பம்பரில் எர்த் மாட்டிப் பின்னால் அடித்தால் கரன்ட் பேரிங், ஸ்பிரிங் பட்டை, சென்சார் வழியாகப் பாயும். பழைய வண்டியில் ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றினாலே போதும். சேஸ் சட்டத்தின் மேல், கீழ் மடிப்புகளில் யாருமே வெல்டிங் அடிக்கக்கூடாது. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

பேட்டரி படுத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

மெக்கானிக்கல் பம்பு வண்டி என்றால் செய்யலாம். அதனால்தான் பழைய டிரைவர்கள் சரிவு பார்த்து நிறுத்துவார்கள். பி.எஸ். 6-இல் இ.சி.யூ.வுக்குப் போதிய வோல்ட் இல்லாமல் இன்ஜெக்டர் திறக்காது. ஊரே சேர்ந்து தள்ளினாலும் பயனில்லை. 24 வோல்ட் ஜம்ப் கேபிள் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

மலை இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சமாகுமா?

மிச்சமாகாது, கூடுதலாகச் செலவாகும். கியரில் இருக்க, ஆக்சிலேட்டரில் கால் இல்லாமல் இறங்கும்போது காமன் ரெயில் இஞ்சின் டீசலையே நிறுத்திவிடும். பழைய இன்லைன் பம்பிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், டீசல் அளவுத் தண்டான ராக்கைப் பின்னுக்கு இழுத்து அதையேதான் செய்கிறது. நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலுக்கு டீசல் வேண்டும்.

செலவைவிடப் பெரியது உயிர். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலோ ஜவ்வாது மலையிலோ ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் முதல் வளைவுக்கு முன்பே போடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் டிரம் சூடாகி விரிந்து லைனிங்கிலிருந்து விலகும். ஏர் முழுக்க இருந்தும் பிடிக்காது. பழைய வண்டியில் இறங்கும்போது கியர் குறைக்க வேண்டி வந்தால் டபுள் கிளட்ச் (நியூட்ரலுக்கு ஒருமுறை, அடுத்த கியருக்கு மறுமுறை கிளட்ச் மிதிப்பது) அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் பாதி மலையில் நியூட்ரலில் மாட்டிக்கொள்வார். அதனால் மேலேயே, வண்டி நிற்கும்போதே கியரைத் தேர்ந்துவிடுங்கள்.

பழைய லாரி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முன்னறிவிப்பு இல்லாமல் விடிகாலையில் போங்கள். இஞ்சின் சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்; காலைப் புகையை மறைக்கும் வேலை. ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாய்மேல் வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் ரிங் போய்விட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கிறது. பால்போல் இருந்தால் தண்ணீர்.

பிறகு வண்டிக்கு அடியில் போங்கள். பின் ஸ்பிரிங் ஹேங்கர் பிராக்கெட் அருகில் சேஸில் ஒட்டுத்தகடு அடித்துப் பெயின்ட் பூசியிருக்கிறதா? ஒட்டுப் போட்ட சேஸ், ஓவர்லோடு அடித்த வண்டி. சேஸ் நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எப்படியும் இதைத்தான் கேட்பார்கள். இஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

பழைய பி.எஸ். 6 வண்டி என்றால் சைலன்சர் வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். விரலில் மை ஒட்டக்கூடாது. ஸ்கேனர் மாட்டிப் பழைய ஃபால்ட் கோடுகளையும் பாருங்கள்.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்? டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

697, 5.9 கம்மின்ஸ், ஹினோ மூன்றுக்கும் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. 692, லேலண்டு 370-க்குத் தேட வேண்டியிருக்கும். புதுசுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பெங்களூரு ஜே.சி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. வேலூர் இரண்டு நகரத்துக்கும் நடுவே இருப்பது இந்த விஷயத்தில் வசதி.

நாசில், எலிமென்ட் (பம்பின் பிளஞ்சர் ஜோடி) இரண்டிலும்தான் போலி அதிகம். பெட்டியைப் பார்க்காதீர்கள், நாசில் உடம்பில் பொறித்த எண், பழைய நாசிலில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். மைகோ நிறுவனம் 2008-இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது; இன்று புதிதாகத் தயாரானது என்று மைகோ பெட்டியில் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். வாங்கிய நாசிலை நேராக மாட்டாமல் டெஸ்டரில் அடித்துப் பாருங்கள். மூடுபனிபோல் தெறித்து, அழுத்தம் நிறுத்தியதும் முனை காய்ந்திருக்க வேண்டும். சொட்டு நின்றால் அது பிஸ்டன் தலையில் ஓட்டை போடும் நாசில்.

எஃப்.சி. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? அரைநூற்றாண்டு பழைய லாரிக்கு வின்டேஜ் நம்பர் வாங்கலாமா?

முதல் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணமும் பலமடங்கு ஏறும், எஃப்.சி.க்குப் போகும் வாரத்தில் பரிவாஹன் தளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வின்டேஜ் பதிவு கிடைக்காது. 2021-இல் வந்த அந்த விதி 50 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான். லாரி சரக்கு வாகனப் பிரிவு என்பதால் அதில் வராது. பழைய நட்சத்திர மார்க் டாடாவையோ காமெட்டையோ அழகுக்காக வைத்திருப்பவர், ரோட்டில் இறக்க வேண்டுமானால் மற்ற லாரிகளைப் போலவே எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எல்லாம் கட்டித்தான் இறக்க வேண்டும். ஷெட்டிலேயே நிறுத்துவதானால் டீசலைக் காலி செய்து, பம்பில் சுத்தமான ஆயில் கலந்த டீசல் ஓடவிட்டு நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள், ரிங் சுவரோடு ஒட்டாமல் இருக்கும்.